சுங்க அதிகாரி கடைக்கு வந்தால்...



மரக்காணம் உப்பளக் கரையில் தொழில் செய்யும் நமக்குச் சோதனை புதிதல்ல. 1947-ல் உப்பு வரி நீங்கும் வரை அளங்களைச் சர்க்கார் காவல் காத்தது. 1954-ல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையைவிட்டு வரும் வரை, தெற்கே எல்லையில் சுங்கச் சாவடிகள் இருந்தன. இன்றும் வெளிநாட்டுக் கிராம்பு, பாக்கு, சிகரெட் கடத்தி வந்தது என்று சந்தேகம் எழுந்தால், மளிகைக் கடைக்குள்ளும் சுங்கத்துறையினர் வரலாம்.

பல வருடங்களுக்கு முன் என் கிடங்குக்கும் வந்தார்கள். கிராம்பு மூட்டைகளுக்கு உரிய பில் திண்டிவனத்தில் கணக்குப்பிள்ளையிடம் இருந்தது. பதற்றத்தில், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். நகல் கேட்கத் தோன்றவில்லை. பில்லைக் காட்டியபின் சரக்கு திரும்பி வந்தது. ஆனால் போனது பதினொரு மூட்டையா, பத்தா என்று சொல்ல என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அந்த நஷ்டம் என் அறியாமையால் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டம் சொல்வது இதுதான்:

1. சோதனை உத்தரவு: 105-வது பிரிவின்படி உதவி ஆணையர் அல்லது துணை ஆணையர் தாமே சோதிக்கலாம், வேறு அதிகாரிக்கு அதிகாரம் அளித்தும் அனுப்பலாம். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில், வாரியம் பெயர் குறிப்பிட்டு அதிகாரம் கொடுத்த அதிகாரிக்கும் இந்த உரிமை உண்டு. இது நமக்குப் பொருந்தும். ஆனால் யாராக இருந்தாலும், சரக்கோ ஆவணமோ மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும். எனவே அடையாள அட்டையையும் உத்தரவையும் பணிவாகக் கேட்டுப் படியுங்கள்.

2. சாட்சிகள், மகஜர்: குற்றவியல் நடைமுறையில் சோதனைக்குள்ள விதிகள் இதற்கும் பொருந்தும். அக்கம்பக்கத்து மரியாதைக்குரிய இருவர் சாட்சியாக இருக்க வேண்டும். எடுத்த பொருள்களுக்குப் பட்டியல் எழுத வேண்டும். நாம் உடனிருக்கலாம், பட்டியலின் நகல் நமக்குத் தர வேண்டும். மூட்டை எண்ணிக்கை, எடை சரியா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

3. கணக்குகள்: கணக்குப் புத்தகங்களைக் கைப்பற்றினால், அதிகாரி முன்னிலையில் நகலோ குறிப்போ எடுத்துக்கொள்ளும் உரிமையை 110-வது பிரிவு தருகிறது.

4. சம்மன்: 108-வது பிரிவின்படி கெஜடெட் அதிகாரி நம்மை அழைத்து விசாரிக்கலாம், ஆவணம் கேட்கலாம். போகாமல் இருக்கக் கூடாது. சுங்க அதிகாரி போலீஸ் அதிகாரி அல்ல என்பது உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. சுங்க அதிகாரியிடம் கொடுத்தது நமக்கே எதிரான சாட்சியமாகலாம். படிக்காமல் கையெழுத்து வேண்டாம்.

5. சரக்கு: கைப்பற்றிய ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் தர வேண்டும், மேலதிகாரி காரணம் எழுதி மேலும் ஆறு மாதம் நீட்டிக்கலாம். தராவிட்டால் சரக்கைத் திருப்ப வேண்டும். கெட்டுப்போகும் சரக்கானால் பத்திரமும் பிணையும் கொடுத்து இடைக்கால விடுவிப்பு கேட்கலாம்.

நம்பக் காரணமின்றிச் சோதனை செய்த அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை என்று 136-வது பிரிவு சொல்கிறது. அதேபோல் அதிகாரியைத் தடுப்பதும் குற்றமே. கதவைச் சாத்தாதீர்கள், வாக்குவாதம் செய்யாதீர்கள்.

ஜி.எஸ்.டி. சோதனைக்கு 67-வது பிரிவு. அங்கே இணை ஆணையர் அல்லது அவருக்கு மேற்பட்டவரின் அனுமதி வேண்டும்.

இத்தனைக்கும் அடிப்படை நம் பில்தான். விற்றவர் பெயர், ஜி.எஸ்.டி. எண், லாரி ரசீது ஆகியவற்றைச் சரக்கு இருக்கும் இடத்திலேயே வையுங்கள். பில் இல்லாத சரக்கை, விலை மலிவு என்று வாங்க வேண்டாம். நேர்மையான வியாபாரிக்கும் காகிதம் வேண்டும்; அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.