சதுப்பை வடித்தால் சுனை வற்றும்

கோத்தகிரிப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் பட்டா நிலத்தின் அடிவாரத்தில் அரை ஏக்கர் சதுப்பாகவே கிடக்கிறது. மாடு இறங்கினால்கூடப் புதைகிறது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டு கேரட் போடலாமா? சட்டத்தில் தடை ஏதும் உண்டா?"

பதில் சொல்வதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த புதிதில் மலைக் கிராமம் ஒன்றில் இதே கேள்வியை ஒரு விவசாயி கேட்டார். "தாராளமாக வடிகால் எடுங்கள்" என்றேன். முதல் இரண்டு போகம் உருளைக்கிழங்கு நன்றாக விளைந்தது. அடுத்த ஆண்டு கறுப்பு மண் காய்ந்து சுருங்கி, வயலே இறங்கிப் போனது. அதற்கடுத்த கோடையில், கீழே ஊரார் குடிக்க எடுத்த சுனை வற்றிவிட்டது. அந்த விவசாயி என்னைத் திட்டவில்லை. "நீங்க சொன்னீங்க, செஞ்சோம்" என்று மட்டும் சொன்னார். அது இன்றும் உறுத்துகிறது.

சதுப்பில் உள்ள அந்தக் கறுப்பு மண்ணைத்தான் 'பீட்' என்கிறோம். எப்போதும் நீர் தேங்கிக் குளிர்ந்து கிடக்கும் இடத்தில் புல்லும் கோரையும் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து உருவாவது அது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். நீலகிரியில் சாண்டிநல்லா பகுதிப் பீட் படிவுகள் 20,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை என்று ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். மழைக்காலத்தில் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் மெல்லக் கசியவிடுவது இதன் வேலை. இப்படிக் கசியும் ஓடைகளும் சேர்ந்துதான் மோயாறும் பவானியும் ஆகின்றன. கீழ்பவானிப் பாசன விவசாயிகளுக்கும் இதில் பங்கு உண்டு.

இந்த மண்ணில் வளரும் செடிகளும் தனி வகை. பூச்சியைப் பிடித்துத் தின்னும் அழுகண்ணி, தரை ஆர்க்கிட்டுகள், நீலகிரிக்கே உரிய புல் வகைகள் எல்லாம் உண்டு. தோடர்கள் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேய எடுக்கும் எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்ற புல்லும் சதுப்பு நிலத்துப் புல்தான். சதுப்பு காய்ந்தால் இவற்றுக்கு வேறு இடம் இல்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சதுப்புகளுக்கு 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே காவல். உரிய அனுமதி இல்லாமல் அங்கே செடியைப் பிடுங்குவது மட்டுமல்ல, நீரோட்டத்தைத் திருப்புவதும் தடுப்பதும்கூடக் குற்றம். காப்புக்காடுகளுக்கு வனச் சட்டங்கள் உண்டு.

அதற்கு வெளியே உள்ளவற்றுக்கு 2017-ம் ஆண்டு ஈரநில விதிகள் இருக்கின்றன. அரசு அறிவிக்கை செய்த ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக்கூடாது, குப்பை கொட்டக்கூடாது, கழிவுநீர் விடக்கூடாது. உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடமும் கூடாது. செயற்கைக்கோள் படத்தின் மூலம் கணக்கெடுத்த 2,01,503 ஈரநிலங்களைக் காக்கும்படி உச்ச நீதிமன்றமும் 2017-ல் உத்தரவிட்டது.

சிக்கல் இங்கேதான். அந்தக் கணக்கில் வருபவை 2.25 எக்டேருக்கு, அதாவது சுமார் ஐந்தரை ஏக்கருக்கு மேற்பட்டவை. நம் மலைச் சதுப்புகள் பலவும் இரு மேடுகளுக்கு நடுவே நாடாப்போல ஓடும் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் துண்டுகள். அவை பட்டா நிலத்தில் இருந்தால் பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

இதற்கு வழியே இல்லையா? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலும் 'நீல மலை' என்ற பெயரில் ஒரு மலைத்தொடர் உண்டு. அந்த மாநிலத்து உயர்மலைப் பீட் சதுப்புகளை, ஒவ்வொரு செடியாகப் பட்டியலிடாமல், மண்ணும் நீரும் செடியும் சேர்ந்த ஒரே சமூகமாக, 'அழியும் நிலையில் உள்ளது' என்று 2005-ல் தேசியச் சட்டத்தின் கீழ் அறிவித்தார்கள். அங்கே அடியில் நிலக்கரி வெட்டியதால் பாறை விரிசல் விட்டு, மேலே சதுப்புகள் காய்ந்திருக்கின்றன. சதுப்புக்குப் பெரும் பாதிப்பு தரக்கூடிய எந்த வேலைக்கும் மத்திய அரசின் அனுமதி வேண்டும். இடம் சிறிதா பெரிதா என்பதைவிட அது செய்யும் வேலையைப் பார்க்கும் இந்த அணுகுமுறை நமக்கும் தேவை.

நம் ஊரிலும் கதவு திறந்தே இருக்கிறது. கோத்தகிரியின் லாங்வுட் சோலை, சுமார் 116 எக்டேர்தான், 2024-ல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. பல்லுயிர்ச் சட்டம் 2002-ன்படி உள்ளாட்சிகளைக் கலந்து மாநில அரசு ஓர் இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக்கலாம். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி அப்படி 2022-ல் அறிவிக்கப்பட்டது. உங்கள் ஊர்ச் சதுப்பின் சர்வே எண், அதை நம்பியுள்ள சுனை, ஓடை ஆகியவற்றைக் குறித்து, கிராம சபையில் தீர்மானம் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டிலும் ஏற்றுங்கள்.

சட்டம் வரும்வரை நாம் செய்யக்கூடியவை:

• சதுப்பின் நடுவே வாய்க்காலோ கிணறோ வெட்டாதீர்கள்.
• சதுப்புக்கும் பயிருக்கும் நடுவே அகலமான புல் வரப்பு விடுங்கள். மேட்டிலிருந்து வரும் மண்ணையும் உரத்தையும் அது தடுக்கும்.
• மேட்டு நிலத்தில் சரிவுக்குக் குறுக்கே பாத்தி எடுங்கள்.
• பூச்சிமருந்துத் தெளிப்பானைச் சதுப்பு நீரில் கழுவாதீர்கள்.
• தீவனப் புல்லைக் கையால் அறுத்துக்கொள்ளுங்கள், தீ வைக்காதீர்கள்.

கோத்தகிரி வாசகருக்கு என் பதில்: உங்கள் அரை ஏக்கர் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் நீலகிரியில் பொக்லைன் இறக்கவே மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். அதையும் விடுங்கள். அந்தச் சதுப்பு உங்களுக்குக் கேரட் தராது. மேலே உள்ள கேரட்டுக்கு மார்ச், ஏப்ரலில் தண்ணீர் தரும். வடிக்கலாமா என்று முன்பு கேட்டவருக்கு நான் சொல்லத் தவறியதை உங்களுக்குச் சொல்கிறேன்: வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள்.