துக்க வீட்டாரைப் பொய்யர் என்பது பேச்சுரிமையா?

2012 டிசம்பர் 14. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், நியூட்டவுன். சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளிக்குள் துப்பாக்கியோடு புகுந்த இளைஞன் 20 குழந்தைகளையும் 6 பள்ளி ஊழியர்களையும் சுட்டுக் கொன்றான். ‘இன்ஃபோவார்ஸ்’ இணைய ஊடகத்தை நடத்திய அலெக்ஸ் ஜோன்ஸ், இதெல்லாம் மக்களின் துப்பாக்கிகளைப் பறிக்க அரசு போட்ட நாடகம், பெற்றோர் வெறும் நடிகர்கள் என்று ஆண்டுக்கணக்கில் பரப்பினார். அதை நம்பியவர்கள் அந்தக் குடும்பங்களை நிம்மதியாக அழக்கூட விடவில்லை. மகனின் கல்லறையில் சிறுநீர் கழித்ததாகவும், பெட்டிக்குள் பிள்ளை இருக்கிறானா என்று தோண்டிப் பார்க்கப்போவதாகவும் கடிதங்கள் வந்ததை ஒரு தந்தை நீதிமன்றத்தில் சொன்னார்.

பேச்சுரிமை எதுவரை காக்கும்?

அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் தரும் பாதுகாப்பு மிகப் பெரியது. இராக் போரில் இறந்த ராணுவ வீரர் ஒருவரின் இறுதிச் சடங்கு நடந்தபோது, வெஸ்ட்பரோ பாப்டிஸ்ட் சபையினர் சற்றுத் தொலைவில் நின்று, வீரர்களின் சாவைக் கொண்டாடும் பதாகைகளைப் பிடித்தார்கள். தந்தை வழக்குப் போட்டார். 2011இல் உச்ச நீதிமன்றம், 8-க்கு 1 என்ற கணக்கில், சபைக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. பொது விவகாரம் பற்றிப் பொது இடத்தில் சொன்ன கருத்து அது. எவ்வளவு புண்படுத்தினாலும் தண்டிக்க முடியாது என்றது.

ஜோன்ஸ் எப்படிச் சிக்கினார்?

துப்பாக்கிக் கட்டுப்பாட்டை அவர் நாள்தோறும் எதிர்த்திருக்கலாம், அரசைச் சந்தேகித்திருக்கலாம். ஆனால் பிள்ளையை இழந்த இன்னின்ன குடும்பங்கள் நடிக்கின்றன என்பது கருத்தல்ல, பொய்த் தகவல். அந்தக் குடும்பங்களின் அவதூறு வழக்கு அங்கேதான் பிறந்தது. கேட்ட ஆவணங்களை அவர் ஒழுங்காக ஒப்படைக்காததால், அவரே பொறுப்பு என்று நீதிபதி முன்பே முடிவு செய்துவிட்டார். ஜூரி தீர்மானித்தது இழப்பீட்டை மட்டுமே. 2022 அக்டோபரில் கனெக்டிகட் ஜூரி விதித்த தொகை 96.5 கோடி டாலர். அதற்கு இரண்டு மாதம் முன்பு டெக்சஸில் நடந்த இன்னொரு அவதூறு வழக்கில், படுகொலை நூறு சதவீதம் உண்மை என்று ஜோன்ஸே ஒப்புக்கொண்டிருந்தார். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரது மேல்முறையீட்டை விசாரிக்க மறுத்துவிட்டது.

நமக்கு என்ன?

நீதி கிடைக்கப் பத்தாண்டுகள் ஆயின. அதுவரை அந்தப் பெற்றோர் பட்டதை எந்தத் தொகையும் ஈடுசெய்யாது. சட்டம் கடைசியில்தான் வரும். பொய்யை அதற்கு முன்பே நிறுத்தக்கூடியவர்கள் அதைப் பகிரும் நாம்தான். ஒரு துயரச் சம்பவத்தில் கேள்வி கேட்பது குடிமக்களின் உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அதிகாரத்தில் இருப்பவர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் அதற்கு ஆதாரம் கேட்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.