ஆம்ப்ளிபையரையும் எடை பார்த்து வாங்குவோம்!



பங்குனிப் பெருவிழாவில் அறுபத்து மூவர் வீதியுலா வரும் நாளன்று மயிலாப்பூர் மாட வீதிகளில் வணிகர்கள் நீர்மோர்ப் பந்தல் வைத்து உபசரிப்பது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருக் கடைக்காரர்கள் சிலர் கூடி, விழாவுக்கு விழா மைக் செட் வாடகை கொடுப்பதைவிடச் சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். '200 வாட்ஸ்' என்று எழுதிய தகரப் பெட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது. விழா அன்று காலையிலேயே அது உறுமத் தொடங்கியது; நண்பகலில் வாயடைத்துப் போனது. என்னவென்று பார்க்கக் கை வைத்த கடைப் பையனுக்கு ஷாக் அடித்தது. நல்ல வேளையாகக் கையை உதறியதோடு தப்பினான். மோர் சிந்தி ஈரமாகிக் கிடந்த தரையில் அவன் வெறுங்காலோடு நின்றிருந்ததை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது.

மறுநாள் பெட்டியைத் திறந்து பார்த்தோம். எர்த் கம்பியை வெட்டி விட்டிருந்தார்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செப்புக் கம்பி. 230 வோல்ட் வயரின் உறை தேய்ந்து தகரத்தில் உரசிக் கொண்டிருந்தது. எர்த்தும் சரியான ஃபியூஸும் இருந்திருந்தால், வயர் தகரத்தைத் தொட்ட கணமே ஃபியூஸ் போயிருக்கும். பையன் தப்பியது அதிர்ஷ்டத்தால் என்று சொல்ல நேர்ந்திருக்காது.

200 வாட்ஸ் எங்கே?

உள்ளே இருந்தது 12 வோல்ட், 2 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர். இரண்டையும் பெருக்கினால் 24 வாட்ஸ். கிடங்குக்கு 24 மூட்டை வந்தால் 200 மூட்டை விற்க முடியுமா? பாட்டு, பேச்சு எதுவானாலும் தொடர்ந்து வெளியே வரும் சக்தி, உள்ளே வரும் சக்தியைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மிச்சம் சூடாகப் போய்விடும்.

அந்தப் போர்டில் இருந்தது நம் நாட்டில் மிகவும் பரவிய 4440 என்னும் ஐ.சி. ஜப்பானின் சான்யோ நிறுவனம் கார் ஸ்டீரியோவுக்கென வடிவமைத்தது. 13.2 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு, சேனலுக்கு 6 வாட்ஸ். இரண்டு சேனலையும் பிரிட்ஜ் முறையில் இணைத்தால் 19 வாட்ஸ். தயாரித்தவர்களே சொன்ன கணக்கு இதுதான். பெட்டியின் மேல் போடும் 'பி.எம்.பி.ஓ.' கணக்குக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஆகவே 'ஆர்.எம்.எஸ்.' வாட்ஸ் எவ்வளவு என்றே கேட்க வேண்டும். படிக்கல்லில் குறைவு வைத்தால் நாம் பொறுத்துக் கொள்வோமா? வாட்ஸிலும் அப்படியே.

நாங்களே கட்டினோம்

எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த நண்பர் ஒருவரை அழைத்துக் கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனோம். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். அங்கும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் டிரான்ஸ்பார்மர், போர்டு, ஹீட் சிங்க், பெட்டி, சுவிட்ச் எல்லாமே தனித்தனியாகக் கிடைக்கும். நீர்மோர்ப் பந்தலுக்கும் சிறு கடைக்கும் 19 வாட்ஸே தாராளம் என்பதால் 4440-ஐயே தேர்ந்தெடுத்தோம். கவனத்தில் கொள்ள வேண்டியவை இவை:

1. சத்தம் கூடட்டும் என்று 18 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போடக் கூடாது. டயோடு, கண்டன்சர் வழியே வரும்போது அது ஏறத்தாழ 24 வோல்ட் ஆகிவிடும். வேலை செய்யும்போது 4440-க்கு எல்லை 18 வோல்ட். 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரே 15, 16 வரை தரும். லோடு இல்லாதபோது இன்னும் சற்று ஏறும்.

2. ஐ.சி.யின் முதுகில் ஹீட் சிங்க் பேஸ்ட் தடவி, அலுமினிய ஹீட் சிங்க்கில் இறுக்கமாகத் திருக வேண்டும்.

3. பிரிட்ஜ் முறையில் ஸ்பீக்கரின் இரண்டு வயர்களில் எதுவும் பெட்டியைத் தொடக் கூடாது. இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 2 ஓம் ஆகி ஐ.சி. கொதித்துவிடும். இரண்டு வேண்டுமானால் 8 ஓம் ஸ்பீக்கர்களாக வாங்கவும்.

4. மூன்று முள் பிளக்கும், பெட்டியோடு திருகிய எர்த் கம்பியும், 500 மில்லி ஆம்பியர் ஃபியூஸும் கட்டாயம். 230 வோல்ட் பக்கத்து வேலையைத் தேர்ந்த எலெக்ட்ரீஷியனிடமே விடவும்.

பழுதானால் வரிசையாகப் பார்க்கவும்

கணக்கு இடித்தால் முதல் பக்கத்திலிருந்து பார்த்து வருவோம் அல்லவா? இதிலும் அதே முறைதான். எந்தச் சோதனைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, கண்டன்சர் வடியச் சற்றுப் பொறுக்க வேண்டும்.

ஃபியூஸ் போயிருந்தால் கம்பி சுற்றாதீர்கள். அதே அளவு ஃபியூஸ் போட்டு, 60 வாட்ஸ் இழை பல்பு ஒன்றைத் தொடராக வைத்து மின்சாரம் கொடுக்கவும். பல்பு ஒரு மின்னு மின்னி மங்கினால் பெரும்பாலும் நலம். பளிச்சென்று எரிந்து கொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். இதற்கு எல்.இ.டி. பல்பு உதவாது.

சத்தமே இல்லையென்றால் ஸ்பீக்கரைக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியால் ஒரு கணம் தொட்டுப் பார்க்கவும். 'டக்' என்றால் ஸ்பீக்கர் நலம். பிறகு போர்டுக்கு வரும் வோல்ட்டை மல்டிமீட்டரால் அளக்கவும். அது வராவிட்டால் ஐ.சி.யைக் குறை சொல்லிப் பயனில்லை.

உறுமல் இருந்தால் வால்யூமை அடியோடு குறைக்கவும். அப்போதும் உறுமினால் பவர் சப்ளையின் பெரிய கண்டன்சரைப் பார்க்கவும். தலை உப்பியிருந்தால் மாற்றிவிடலாம். வால்யூமோடு உறுமலும் ஏறி இறங்கினால் மைக் பக்கத்து ஷீல்டு வயரோ அதன் இணைப்போ பழுது. எர்த்தை வெட்டினால் சில சமயம் உறுமல் நிற்பது உண்மைதான். எங்கள் பெட்டியில் எர்த் போனதும் அப்படித்தான் என்பது நண்பரின் கணிப்பு. உறுமலுக்கு மருந்தாக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

சட்டமும் உண்டு

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து வடிவில் அனுமதி வேண்டும். பொது இடத்தில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. வணிகப் பகுதிக்குப் பகல் வரம்பு 65 டெசிபல். குடியிருப்புப் பகுதிக்கு 55. மாட வீதிகளில் கடைக்கு மேலேயே வீடுகள் இருப்பதை நாம் மறக்கலாகாது.

நாங்கள் கட்டிய பெட்டி அதன் பிறகு வந்த பங்குனி விழாவில் காலை முதல் மாலை வரை உழைத்தது. அதன் மேல் '19 வாட்ஸ்' என்றே எழுதி வைத்திருக்கிறோம். அன்று ஷாக் வாங்கிய பையன்தான் இன்று அதை இயக்குகிறான். பிளக்கைச் செருகுமுன் எர்த் கம்பியை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுகிறான். உங்கள் கடைப் பெட்டியின் பிளக்கையும் இன்றே ஒரு முறை பாருங்கள். மூன்றாவது முள் இருக்கிறதா?