கையசைவால் கணினியை இயக்குதல்

விசைப்பலகை, சுட்டி, தொடுதிரை எதையும் தொடாமல், கையின் அசைவுகளைக் கொண்டே கணினிக்குக் கட்டளையிடுவது கையசைவுக் கட்டுப்பாடு எனப்படும். இதற்கு அடிப்படையான நுட்பம் சைகை அறிதல் ஆகும்.

வரலாறு

1980-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் போல்ட் ஓர் அமைப்பை விளக்கினார். பெருந்திரையில் ஓர் உருவையும் ஓர் இடத்தையும் கையால் சுட்டி, "அதை அங்கே வை" என்று வாயால் சொன்னால், கணினி அவ்வாறே செய்தது. 1980-களின் பிற்பகுதியில் வந்த டேட்டாகுளோவ் என்னும் கையுறை, ஒளியிழைகளைக் கொண்டு விரல்களின் வளைவை அளந்தது. இவ்விரண்டுக்கும் கையில் ஓர் உணரி தேவைப்பட்டது. 2010 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360-க்காக மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கினெக்ட், வெறுங்கையின் அசைவையே அறிந்துகொண்டது.

செயல்படும் விதம்

முதல் கினெக்ட், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை எதிரே வீசும். பொருள் இருக்கும் தொலைவுக்கேற்ப, கேமராவில் அப்புள்ளிகள் பதியும் இடம் மாறும். அந்த மாற்றத்திலிருந்து கை எவ்வளவு தொலைவில் உள்ளது எனக் கணக்கிடப்படும்.

இன்று சாதாரண வெப்கேமராவே போதும். கூகுளின் மீடியாபைப் மென்பொருள் முதலில் உள்ளங்கையைக் கண்டறியும். பின்னர் மணிக்கட்டில் ஒன்று, விரலுக்கு நான்கு என 21 புள்ளிகளைக் குறிக்கும். பெருவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் நெருங்கினால் அதைச் சொடுக்காகக் கொள்ளுமாறு நிரல் எழுதலாம்.

பயன்பாடு

அறுவை அரங்கில் இதன் தேவை தெளிவாகத் தெரியும். நடுவில் ஸ்கேன் படத்தைப் பார்க்க மருத்துவர் சுட்டியைத் தொட்டால், கையுறையின் கிருமியற்ற நிலை கெட்டுவிடும். வேறொருவரிடம் சொல்லிப் படத்தை நகர்த்தினால் நேரம் போகும். தவறும் நேரலாம். தொடாமலே படங்களைப் புரட்டவும் பெரிதாக்கவும் கையசைவு உதவுகிறது.

குறைபாடுகள்

கையை அந்தரத்தில் நீட்டியபடியே வேலை செய்தால் தோள் விரைவில் வலிக்கும். இதனைக் 'கொரில்லாக் கை' என்பர். மேலும், தலையைச் சொறிவது போன்ற இயல்பான அசைவையும் கணினி கட்டளையாகக் கொள்ளக்கூடும். விசையை அழுத்தும்போது விரலுக்குக் கிடைக்கும் உணர்வும் இதில் இல்லை.

2024-இல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் புரோ, தோள்வலிக்கு ஒரு வழி கண்டது. கண் பார்க்கும் இடமே தேர்வாகிறது. மடியில் வைத்த கையின் இரு விரல்களைச் சேர்த்தால் அது சொடுக்காகிறது. எனவே, கையை உயர்த்தாமலே பெரும்பாலான வேலைகளைச் செய்ய முடிகிறது.