நாய்க்கு எடுத்த கல்லும் நம் வீட்டுக் குழந்தைகளும்

பெங்களூரில் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவதென்றால் நம்மவர்க்குக் கப்பன் பூங்கா, லால்பாக், விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம் ஆகிய மூன்றும் சட்டென்று நினைவுக்கு வரும். அந்தத் தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே, கஸ்தூர்பா சாலையில், செந்நிறக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதுதான் அரசு அருங்காட்சியகம். "உள்ளே உடைஞ்ச சிலைதானே சார், பசங்களுக்கு போர் அடிக்கும்" என்று ஈஜிபுராவில் என் பாத்திரக் கடைக்கு வரும் நண்பர்கள் சொல்வதுண்டு. அப்படிச் சொல்பவர்களுக்காகவே இக்கட்டுரை. அங்கே பிள்ளைகளோடு என்ன பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம் என்பதை ஒரே ஒரு கல்லை வைத்து விளக்க முயல்கிறேன்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சிறிது. சென்னை அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியபோது அதன் முதல் பொறுப்பாளராக இருந்தவர் எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர். அவருடைய வழிகாட்டலில், மைசூர் ஆணையர் பௌரிங் துணையோடு, 1865இல் பெங்களூர் அருங்காட்சியகமும் தோன்றியது. ஆக, எழும்பூரும் கஸ்தூர்பா சாலையும் ஒரு வகையில் அண்ணன் தம்பிகள். தொடக்கத்தில் அது இருந்த தெருவுக்குத்தான் இன்றும் மியூசியம் ரோடு என்று பெயர். இப்போதைய கட்டடம் 1877இல் கர்னல் சாங்கி வடிவமைத்துக் கட்டியது.

இனி அந்தக் கல்லுக்கு வருவோம். மண்டியா மாவட்டம் மத்தூர் வட்டத்தைச் சேர்ந்த ஆதகூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நடுகல் அது. சக ஆண்டு 872, அதாவது கி.பி. 949–50ஐச் சேர்ந்தது. எழுத்து பழங்கன்னடம். மேற்பகுதியில் ஒரு நாயும் காட்டுப்பன்றியும் மோதும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. குழந்தைகளை நேராக இதற்கு முன்னே நிறுத்துங்கள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். "என்னடா தெரியுது?" என்று மட்டும் கேளுங்கள். நாய் என்று ஒன்று சொல்லும், பன்றி என்று இன்னொன்று சொல்லும். பிறகு கதையைச் சொல்லலாம்.

கங்க மன்னன் பூதுகனிடம் மணலேரன் என்றொரு வீரன் இருந்தான். போரில் அவன் காட்டிய தீரத்தை மெச்சி, என்ன வேண்டும் என்று அரசன் கேட்டான். ஊரைக் கேட்கவில்லை, பொன்னைக் கேட்கவில்லை. காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான் மணலேரன். பின்னர் ஒரு நாள் பெரிய காட்டுப்பன்றி ஒன்றோடு காளி பொருதது. இரண்டும் மடிந்தன. அந்த நாயின் நினைவாக ஆதகூர்க் கோயில் முன்னே கல் நட்டு, அதற்கு நிலமும் விட்டார்கள்.

இதைக் கேட்டதும் என் பேத்தி, "தாத்தா, பன்னி என்ன தப்பு பண்ணிச்சு?" என்றாள். கொல்லாமையைக் குலதர்மமாகக் கொண்ட சமண வீட்டில் அந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். "அது ஒரு தப்பும் பண்ணலைம்மா" என்றுதான் நானும் சொன்னேன். கல்லில் பன்றியின் உருவமும் இருக்கிறதே என்று அவளே கண்டு சமாதானம் அடைந்தாள்.

மணலேரன் தீரம் காட்டிய போர் எது? இங்குதான் நம் பிள்ளைகளுக்கு முக்கியமான சங்கதி இருக்கிறது. அது தக்கோலப் போர். தக்கோலம் நம் அரக்கோணத்துக்கு அருகே உள்ள ஊர். 949இல் அங்கே இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் சோழன் முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தனும் மோதினார்கள். கிருஷ்ணன் பக்கம் நின்ற பூதுகன், யானை அம்பாரியையே போர்க்களமாக்கி இராசாதித்தனைக் கொன்றான் என்று இந்தக் கல் பெருமையோடு சொல்கிறது. அதே நிகழ்ச்சியைச் சோழர் பக்கமும் எழுதி வைத்திருக்கிறது. லெய்டன் செப்பேடுகள் எனப்படும் சோழர் செப்பேடுகள், இராசாதித்தன் பகைவன் படையைக் கலங்கடித்து யானை மேலிருந்தபடியே வீரசொர்க்கம் எய்தினான் என்கின்றன. ஆனைமேல் துஞ்சியவர் என்று கல்வெட்டுகளில் அவனுக்குச் சிறப்புப் பெயரே உண்டு.

வியாபாரிக்கு இது எளிதில் விளங்கும். மொத்த வியாபாரி எனக்குச் சரக்கு அனுப்பினால் அவர் பேரேட்டில் என் பெயரில் பற்று. என் பேரேட்டில் அவர் பெயரில் வரவு. சரக்கு ஒன்றுதான். இரண்டு ஏட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும். சரித்திரமும் அப்படியே.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பிள்ளைகள் வளர்வது இரண்டு ஏடுகளுக்கும் நடுவில். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டி இந்நகரில் நடந்தவற்றை நம்மில் பலர் மறந்திருக்க முடியாது. 2016லும் பதற்றம் வந்தது. அத்தகைய நாட்களில் பள்ளியிலிருந்து வரும் குழந்தை "நாம எந்தப் பக்கம்?" என்று கேட்கும். வாயால் உபதேசம் செய்து அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. சண்டை போட்ட இருவரும் போய் ஆயிரம் ஆண்டு ஆனபின், அந்தக் கல்லின் பெயர்ப் பலகையைக் குழந்தை கன்னடத்தில் வாசிக்க, அப்பா தமிழில் பொருள் சொல்ல, இருவரும் ஒன்றாக நிற்பதே ஒரு நல்ல பதில் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாய்க்குக் கல் எடுப்பது கன்னட நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. எங்கள் சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். அதே திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டு மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காக்கப் போராடி மடிந்த வீரனோடு, கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயும் அதில் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. காளிக்கும் மூன்று நூற்றாண்டு மூத்தது கோவிவன். இதைச் சொன்னால் பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள்!

சில நடைமுறைக் குறிப்புகள். எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்ட முயலாதீர்கள். ஒன்றரை மணி நேரம், நான்கைந்து பொருள், போதும். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, பிடித்ததை வரையச் சொல்லுங்கள். வரையும்போதுதான் கண் நிற்கும். தொடக்கூடாது என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டைக் கப்பன் பூங்கா மரநிழலில் வைத்துக்கொள்ளலாம். மெட்ரோவில் வருவோர்க்குக் கப்பன் பூங்கா நிலையம் வசதி. பழுதுபார்ப்புக்காகக் கூடங்களை மூடுவதுண்டு. ஆகவே திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். அதே வளாகத்து ஓவியக்கூடம் கே. வெங்கடப்பா (1886–1965) பெயரில் அமைந்தது. ஊட்டி மலைகளை அவர் நீர்வண்ணத்தில் தீட்டியிருக்கிறார். ஊட்டிக்குப் போய்வந்த குழந்தைக்கு அவர் பெயரைச் சொல்லி வையுங்கள்.

வீடு திரும்பிய பின்னும் இப்பாடம் தொடரலாம். ஈஜிபுராவுக்குப் பக்கத்துத் தோம்லூரில் சொக்கநாதசுவாமி கோயில் இருக்கிறது. அங்கே 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அந்த ஊரைத் தேசிமாணிக்கபட்டணம் என்று அக்காலக் கல்வெட்டு குறிக்கிறது. தமிழ் எழுத்து தெரிந்த குழந்தை ஓரிரு எழுத்தையாவது தானே கண்டுபிடித்துவிடும்.

நம் சங்கம் ஆண்டுதோறும் பொங்கல் விழாவுக்கும் விருந்துக்கும் வண்டி ஏற்பாடு செய்கிறது. ஆண்டுக்கு ஒரு ஞாயிறு, இருபது பிள்ளைகளுக்கு ஒரு வண்டி, கஸ்தூர்பா சாலைக்கும் தோம்லூருக்குமாக ஏற்பாடு செய்யலாமே. கன்னடம் பேசும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் அதில் ஏற்றிக்கொள்வோம். பழங்கன்னட எழுத்தில் நமக்குப் புரியாததை அவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுச் சொல்லட்டும். தோம்லூர்ச் சுவரை நம் பிள்ளைகள் அவர்களுக்குப் படித்துக் காட்டட்டும்.