மலக்குழிக்குள் இறங்கும் இயந்திரத்தை யார் செய்வது?

"மெக்கானிக்கலா? கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லையா?" என்று ஊரார் கேட்கும் காலம் இது. அதைக் கேட்டு நம் காலனிப் பிள்ளைகள் குறுகிப்போக வேண்டியதில்லை. ரோபோவுக்கு மூளை மென்பொருள் என்றால், எலும்பும் மூட்டும் மெக்கானிக்கல் படிப்புதான்.

2015-ல் கோழிக்கோட்டில் பாதாள சாக்கடைக்குள் இறங்கிய ஆந்திரத் தொழிலாளர்கள் இருவரும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார்கள். அந்தச் சாவு கேரளத்தின் இளம் பொறியாளர்கள் சிலரை உலுக்கியது. அவர்கள் தொடங்கிய ஜென்ரோபோடிக்ஸ் நிறுவனம் 2018-ல் 'பாண்டிகூட்' என்ற ரோபோவைக் கொண்டுவந்தது. கேமரா பொருத்திய இயந்திரக் கை குழிக்குள் இறங்கி அடைப்பை அள்ளும். இயக்குபவர் மேலே திரையைப் பார்த்தபடி நிற்பார். குழியில் இறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கே அதை இயக்கவும் பயிற்சி தந்தார்கள். நமக்கு இதுதான் முக்கியம்.

சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஹோமோசெப்' செப்டிக் டேங்குக்கானது. குறுகிய வாய் வழியே மடங்கி இறங்கி, உள்ளே குடைபோல் விரியும் கத்திகள் இறுகிய கசடைக் கலக்கிவிடும். பிறகு உறிஞ்சி எடுக்கலாம். ஒரு மாணவரின் முதுநிலை இறுதியாண்டு புராஜெக்ட்டாகத் தொடங்கியது இது. கடையில் பணம் கொடுத்து புராஜெக்ட் வாங்கும் வழக்கம் நம் கல்லூரிகளில் இருக்கிறது. அந்தப் பணத்துக்கு ஒரு மோட்டார் வாங்கி எரித்துப் பார்த்தாலே கூடுதலாகக் கற்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது? முதலாண்டுக் கணிதத்தில் மேட்ரிக்ஸை மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறக்கிறோம். ரோபோவின் கை எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைச் சொல்வதே அந்த மேட்ரிக்ஸ்தான். 'கைனமாட்டிக்ஸ்' தாளை அரியர் வைக்காதீர்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 30 செ.மீ. நீளக் கையின் நுனியில் 1 கிலோ தூக்க வேண்டும். தோள் மூட்டில் 30 கிலோ-செ.மீ. திருப்புவிசை தேவை, கையின் சொந்த எடை தனி. மாணவர்கள் வழக்கமாக வாங்கும் எம்ஜி 995 சர்வோ மோட்டார் தருவதோ சுமார் 10. கண்காட்சி அன்று கை தொங்கிப்போவது ராசியில்லாததால் அல்ல, இந்தக் கணக்கைப் போடாததால்தான்.

கணக்கோடு ஆர்டுயினோ, பைத்தான் இரண்டையும் மூன்றாம் ஆண்டுக்குள் பழக வேண்டும். வரைவதற்கு ஃப்ரீகேட், ரோபோவை இயக்கிப் பார்க்க ஆர்.ஓ.எஸ்., கஸீபோ எல்லாமே இலவசம். சொந்த மடிக்கணினி இல்லையென்றால் கல்லூரி ஆய்வகத்தை மாலையில் திறந்து வைக்கச் சொல்லித் துறைத் தலைவரிடம் எழுதிக் கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சம் எதற்கு? என்.பி.டெல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் ரோபோட்டிக்ஸ் பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அதிலும் சலுகை உண்டு. 'நான் முதல்வன்' பயிற்சிகளையும் விட்டுவிடாதீர்கள். வேலை என்று பார்த்தால், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கத்துக் கார் ஆலைகளில் ரோபோ வெல்டிங் வரிசைகள் ஓடுகின்றன. அவற்றைப் பராமரிக்கவும் புரோகிராம் செய்யவும் ஆள் வேண்டும்.

குழியில் ஆளை இறக்கக் கூடாதென்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023-ல் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆனாலும் சாவுச் செய்தி நிற்கவில்லை. பெரிய நகரங்களுக்கு வரும் ரோபோ நம் பேரூராட்சிச் சந்துக்குள் நுழையாது, விலையும் எட்டாது. சிறிதாக, விலை குறைவாக, உள்ளூர்ப் பட்டறையிலேயே பழுது பார்க்கக்கூடியதாக ஒன்று வேண்டும்.

அதற்கான விவரம் எந்தப் பாடநூலிலும் இல்லை. தொட்டியின் வாய் எத்தனை அங்குலம், அடியில் கசடு எவ்வளவு இறுகியிருக்கும், எது மோட்டாரில் சிக்கும் என்பதெல்லாம் நம் தெருவில் அந்த வேலை பார்த்த பெரியவர்களுக்குத் தெரியும். இறுதியாண்டுத் தலைப்பைப் பதிவு செய்யும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு போய் அவர்களிடம் உட்காருங்கள். புராஜெக்ட் அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் அவர்கள் பெயரையும் போடுங்கள்.