என்ன வாசிப்பது என்று கேட்டார்கள்

நன்னிலம் பக்கம் ஒரு காலனி. திண்ணையில் உட்கார்ந்திருந்த 78 வயதுப் பெரியவர் தன் செல்பேசியை என்னிடம் நீட்டினார். "தம்பி, இதக் கொஞ்சம் சத்தமா வச்சுக் குடுங்க" என்றார்.

திரையில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி நிற்கிறாள். பக்கத்தில் ஒருவர் பியானோ முன் அமர்ந்திருக்கிறார். பெண்ணின் கையில் கறுப்பு மரத்தில் வெள்ளிச் சாவிகள் பதித்த ஒரு குழல். வாயில் வைக்கும் இடத்தில் மெல்லிய சீவாளி. "எம் பேத்தி தம்பி. நம்ம நாயனம் மாதிரியே இருக்குல்ல?" என்று கேட்டார் பெரியவர்.

அவர் சொன்னதில் தவறில்லை. அந்தக் கருவியின் பெயர் ஓபோ. நாதஸ்வரத்தைப் போலவே இரண்டு நாணல் தகடுகளைச் சேர்த்துக் கட்டிய சீவாளியால் ஊதுவது. உட்துளையும் நாதஸ்வரத்தைப் போலவே மேலே குறுகி, கீழே போகப் போக விரியும். மேற்கத்திய இசைக்குழுவில் நிகழ்ச்சி தொடங்கும் முன் ஓபோக்காரர்தான் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிப்பார். மற்ற எல்லாக் கருவிகளும் அதற்குச் சுருதி சேர்க்கும்.

பெரியவரின் மகன் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்து, பொறியாளராகி, இப்போது அமெரிக்காவில் வேலை செய்கிறார். பேத்தி அங்கே அரசுப் பள்ளியில் படிக்கிறாள். பள்ளி இசைக்குழுவில் அவளுக்குக் கிடைத்த கருவி ஓபோ. விலை பல ஆயிரம் டாலர் என்பதால் பள்ளியே இரவல் கொடுத்திருக்கிறது. இந்த ஆண்டு மாணவர்களுக்கான தனி வாசிப்புப் போட்டியில் கலந்துகொண்டாள். எந்த உருப்படியை வாசிப்பது என்பதில் அந்த வீட்டில் இரண்டு வாரம் விவாதம் நடந்திருக்கிறது. அந்த விவாதத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டனர். காரணம் கட்டுரையிலேயே வரும்.

மூச்சுதான் கணக்கு

அங்குள்ள பள்ளிகளில் இத்தகைய போட்டிகள் ஆண்டுதோறும் நடக்கின்றன. பெரிய மேடை கிடையாது. ஒரு வகுப்பறை, ஒரு நடுவர், ஒரு பியானோ, சுவரோரம் சில பெற்றோர். மாணவர் தன் பெயரையும், உருப்படியின் பெயரையும், இயற்றியவர் பெயரையும் சொல்லிவிட்டு வாசிக்க வேண்டும். முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்துவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரம் கொடுப்பார்கள். முதல் தரம் என்றால் மிகச் சிறப்பு, இரண்டாம் தரம் என்றால் சிறப்பு. எத்தனை பேர் நன்றாக வாசித்தாலும் அத்தனை பேருக்கும் முதல் தரம் உண்டு. நடுவருக்கு அச்சிட்ட இசைப் புத்தகத்தின் அசல் பிரதியைக் கொடுக்க வேண்டும், ஜெராக்ஸ் எடுத்தது செல்லாது.

ஓபோ உருப்படியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மற்ற ஊதுகருவிகளில் மூச்சு போதவில்லை என்பதுதான் தொல்லை. ஓபோவில் மூச்சு மிஞ்சிவிடும். சீவாளியின் வாய் அவ்வளவு குறுகலானது. ஒரு வரியை வாசித்து முடிக்கும்போது நெஞ்சில் பழைய காற்று தேங்கி நிற்கும். அதை வெளியே விட்ட பிறகுதான் புதுக் காற்றை இழுக்க முடியும். அதற்கு இடம் வேண்டும். ஷூமான் 1849-ல் எழுதிய மூன்று ரொமான்ஸ்கள் கேட்க அவ்வளவு இனிமை. ஆனால் ஊதுபவருக்கு ஓய்வு தராமல் நீண்டுகொண்டே போகும். உதடு களைத்துவிடும். ஆகவே பியானோ மட்டும் தனியாக ஒலிக்கும் இடங்கள் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது அடிச்சுரங்கள். ஓபோவின் மிகத் தாழ்ந்த சுரங்களை மெல்லத் தொடங்குவது கடினம், வாத்து கத்துவதுபோல் வெடித்துவிடும். மூன்றாவது வேகம். பேத்தியின் ஆசிரியர் சொன்ன யோசனை எந்தக் கருவிக்கும் பொருந்தும். உன் தரத்துக்கு மேலான விஷயம் ஒன்று இருக்கட்டும். மூன்றும் மேலே இருந்தால் நீ வாசிக்க மாட்டாய், தப்பித்து ஓடிக்கொண்டிருப்பாய்.

மூன்று உருப்படிகள்

ஆசிரியர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று, வெனிஸ் நகரத்தவரான அலெஸ்ஸாண்ட்ரோ மார்செல்லோவின் டி மைனர் கான்செர்ட்டோ. பாக் தன் கையால் விசைப்பலகைக்கு மாற்றி எழுதிய அளவுக்குப் புகழ் பெற்றது. அதன் நடுப்பகுதி மெதுவானது, கற்றுக்கொள்பவருக்கு நல்ல பாடம். இரண்டாவது, மோட்சார்ட் 1777-ல் எழுதிய கான்செர்ட்டோ. அதைச் சரியாக வாசித்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மூன்றாவது, வில்லியம் கிராண்ட் ஸ்டில் ஓபோவுக்கும் பியானோவுக்கும் எழுதிய 'இன்கன்டேஷன் அண்ட் டான்ஸ்'. மந்திர உச்சாடனமும் ஆட்டமும் என்று தமிழில் சொல்லலாம்.

ஸ்டில் கறுப்பினத்தவர். 1895-ல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்து, ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கில் வளர்ந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். மாற்றாந்தந்தை வாங்கித் தந்த ஆப்ரா இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தார். தாய் அவரை மருத்துவராக்க விரும்பினார், அவர் இசைக்குப் போனார். 1921-ல் நியூயார்க்கில் கறுப்பினக் கலைஞர்கள் நடத்திப் பெரும் வெற்றி பெற்ற 'ஷஃபிள் அலாங்' இசை நாடகத்தின் வாத்தியக் குழுவில் அவர் வாசித்த கருவி ஓபோதான். ஓபோக்காரரின் மூச்சு எங்கே முட்டும் என்று தெரிந்தவர் எழுதிய உருப்படி அது.

கறுப்பர் என்றால் ஜாஸ் வாசிக்கட்டும், சிம்பொனி எதற்கு என்று நினைத்த காலம். ஸ்டில்லின் ஆஃப்ரோ அமெரிக்கன் சிம்பொனி 1931-ல் ராச்செஸ்டரில் அரங்கேறியது. அதற்குள் அவர் புளூஸை வைத்தார். பாஞ்சோவையும் வைத்தார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு வந்த மரபில் பிறந்த கருவி பாஞ்சோ. முகத்தில் கரி பூசிய வெள்ளையர்கள் கறுப்பரைக் கேலி செய்து ஆடிய கூத்துகளில் அதுவும் கேலிப்பொருளாகியிருந்தது. அதைக் கொண்டுபோய் வயலின்களுக்கு நடுவில் உட்கார வைத்தார். 1936-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக் குழுவை நடத்தினார். அமெரிக்காவின் பெரிய இசைக்குழு ஒன்றைக் கறுப்பினத்தவர் நடத்தியது அதுவே முதல்முறை. 1940-ல், கும்பல் கொலை செய்யப்பட்ட ஒரு கறுப்பரைப் பற்றிய கூட்டுப் பாடல் படைப்புக்கு இசையமைத்தார்.

தந்தையின் தயக்கம்

பேத்திக்கு மூன்றாவது பிடித்துப்போனது. தந்தை ஒப்பவில்லை. "எல்லாரும் வாசிக்கிறதையே வாசியேம்மா, எதுக்கு வம்பு?" என்றாராம். தொலைபேசியில் நான் பேசியபோது அவர் மறைக்கவில்லை. "சார், இங்க வந்து பதினெட்டு வருஷமாச்சு. தமிழ் நண்பர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனா, எந்த ஊர்னு கேப்பாங்க. ஊரைச் சொன்னா, அந்த ஊர்ல எந்தத் தெருன்னு கேப்பாங்க. ஆபீஸ்ல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு நான் யாருன்னு இன்னும் தெரியாது. தெரியாம இருக்கிறதுல ஒரு நிம்மதி. பொண்ணு எதுலயும் தனியாத் தெரிய வேணாம்னு நெனச்சேன்."

கறுப்பின இசையமைப்பாளரின் உருப்படியை வாசிப்பதற்கும் நம் சாதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு இருப்பதை முதலில் கண்டவர்களில் ஒருவர் அண்ணல் அம்பேத்கர். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1946-ல், அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபையில் கொடுத்த மனுவின் பிரதிகளைக் கேட்டு டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதை அதில் குறிப்பிட்டார். 1972-ல் மும்பையில் தலித் சிறுத்தைகள் இயக்கம் தொடங்கியபோது, அந்தப் பெயரே அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்து எடுத்ததுதான். அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் தந்தைக்குத் தெரியும். அதனால்தான் பயம்.

"எங்கள யாரு கேட்டா?"

வழக்கு தாத்தாவிடம் வந்தது. பேத்தி வீடியோவில் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் வாசித்துக் காட்டினாள். எது நல்லா இருக்கு தாத்தா என்று கேட்டாள்.

பெரியவர் முப்பது வயது வரை தப்பு அடித்தவர். ஊரில் சாவு விழுந்தால் ஆள் வரும், போக வேண்டும். காய்ச்சல் என்று சொல்ல முடியாது. கூலி, அறுவடையின்போது களத்தில் அளந்து போடும் நெல். "பொறப்புக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, கூத்துக்கு ஒரு அடி, எல்லாம் எங்கப்பா சொல்லிக் குடுத்தாரு. ஆனா ஊருக்குள்ள கேட்டது சாவு அடி மட்டுந்தான். நீ என்ன வாசிக்கிறேன்னு எங்கள யாரு தம்பி கேட்டா?" என்றார். தெருப் பையன்கள் கூடி, இனி சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்த நாளில் இவரும் தப்பைக் கீழே வைத்தார். அதன் பிறகு தொடவில்லை. மகன் அதைப் பார்த்ததே இல்லை.

பேத்தியிடம் அவர் சொன்னது சுருக்கம். "ஒன்னக் கேக்குறாங்கல்ல, நீயே சொல்லு." எது நன்றாக இருக்கிறது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

அவள் ஸ்டில்லையே வாசித்தாள். முதல் தரம் கிடைக்கவில்லை, இரண்டாம் தரம். ஆட்டப் பகுதியில் தாளம் நன்றாக நிற்கிறது, தாழ்ந்த சுரங்களைத் தொடங்குவதில் கவனம் தேவை என்று நடுவர் எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆண்டும் இதையே வாசிப்பேன் என்கிறாள். வகுப்பறையில் வீடியோ எடுத்தவர் தந்தைதான்.

நம் பள்ளிகளில்

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. கருவி இசைப் போட்டிகளும் உண்டு. மாநில அளவில் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். நல்ல ஏற்பாடு. 2025-ல் அலங்காநல்லூர் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு, பறையைக் கையில் எடுக்கும் பிள்ளைகள் தலைநிமிர்ந்து எடுக்கிறார்கள். அதுவும் மகிழ்ச்சி.

ஆனால் பட்டியல் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். காலனிப் பிள்ளை என்றதும் பறைக்குப் பெயர் எழுதிவிட்டு, வயலினுக்கும் கீபோர்டுக்கும் வேறு தெருவில் ஆள் தேடாதீர்கள். பறை வேண்டும் என்கிற பிள்ளைக்குப் பறையைக் கொடுங்கள், நாதஸ்வரம் வேண்டும் என்கிற பிள்ளைக்கு ஒரு குருவைத் தேடிக் கொடுங்கள். எதை வாசிப்பது என்ற கேள்வியை முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். விடுதிகளில் நாலு கருவியாவது இருந்தால்தான் அந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. மாவட்ட நிர்வாகம் இதைக் கவனிக்க வேண்டும்.

நான் கிளம்பும்போது பெரியவர் வீடியோவை மறுபடியும் ஓட்டச் சொன்னார். ஆட்டப் பகுதி வந்ததும் அவருடைய வலது கை விரல்கள் திண்ணையைத் தட்டத் தொடங்கின. "புள்ள இந்த எடத்துல மூச்ச விட்டுட்டு எடுக்கணும்" என்றார்.